சட்டம் வியாபாரிக்கு எதிரியா, துணையா?



சட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை மூன்று: சோதனை, பறிமுதல், அபராதம். சுற்றுச்சூழல் சட்டம் என்றால் அச்சம் இன்னும் கூடுகிறது. "ஆலைக்காரனை விட்டுவிட்டு நம்மைப் பிடிக்கிறார்கள்" என்ற பேச்சு சங்கக் கூட்டத்தில் எழாத மாதமே இல்லை. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் நமக்குத்தான் நஷ்டம். மணலி புதுநகரில் கடை வைத்திருப்பவன் இந்தச் சட்டங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நாம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, இரசாயன ஆலைகள். எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையங்கள், துறைமுகம். பக்கத்திலேயே கொசஸ்தலை ஆறு. 2009 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழில் பகுதிகளை ஆராய்ந்து மதிப்பெண் போட்டது. 70க்கு மேல் வாங்கினால் மிக மோசமாக மாசுபட்ட பகுதி என்று பொருள். மணலி வாங்கியது 76.32. பள்ளிக்கூடத்தில் இந்த மார்க் வாங்கினால் மிட்டாய் கொடுப்பார்கள். இங்கே கிடைத்தது, 2010 ஜனவரியில் புதிய தொழில் திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை.

அந்தத் தடை பின்னர் விலகிவிட்டது. ஆலைகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆலையில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் மாதம் பிறந்தால் நம் கடைக்கு வந்து அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்குகிறார்கள். அதே சமயம் ஆற்று முகத்துவாரத்தில் மீன் பிடிக்கிறவரும் நம் வாடிக்கையாளர்தான். ஆலை ஓட வேண்டும், ஆறும் ஓட வேண்டும். இரண்டையும் ஒன்றாக நடத்துவதைத்தான் படித்தவர்கள் "நீடித்த வளர்ச்சி" என்கிறார்கள். 1987 இல் நார்வே நாட்டுப் பிரதமராக இருந்த ப்ரண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐ.நா. குழு இந்தச் சொல்லை உலகம் எங்கும் பரப்பியது. இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்ளும்போது, நாளைய பிள்ளைகள் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்ள முடியாமல் செய்துவிடக் கூடாது என்பது அதன் கருத்து. நம் பாஷையில் சொன்னால், முதலுக்கே மோசம் வராமல் தொழில் நடத்துவது. இது எந்த வியாபாரிக்கும் புரியாத தத்துவம் இல்லை.

ஒரு சட்டம் இந்த வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து. செலவு யார் தலையில் விழுகிறது? தடுக்கப்பட்டதற்கு மாற்று என்ன? பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே நீதியா? சில உண்மை நிகழ்ச்சிகளை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

பாலாறு தந்த பாடம்

முதல் நிகழ்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் இன்று பாடமாக இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கழிவு நீரைப் பாலாற்றிலும் வயல்களிலும் விட்டன. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீர் உப்பும் இரசாயனமுமாக வெளியே வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பாழானது.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி தருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதற்காக மண்ணையும் நீரையும் மக்கள் உடல்நலத்தையும் கெடுக்க உரிமை இல்லை என்றது. நீடித்த வளர்ச்சியின் இரண்டு கொள்கைகள் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றும் அறிவித்தது.

ஒன்று, கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுப்பதோடு, கெட்ட மண்ணையும் நீரையும் சரிசெய்யும் செலவும் அவனுடையது. இரண்டாவது, வருமுன் காத்தல். விஞ்ஞான ஆதாரம் முழுமையாகக் கிடைக்கவில்லை என்ற சாக்கில் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப் போடக் கூடாது. தன் தொழிலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது.

தீர்ப்பில் நமக்கு முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. சுத்திகரிப்பு வசதி செய்யாத தொழிற்சாலைகளை மூடச் சொன்ன அதே நீதிமன்றம், பல தொழிற்சாலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துக்கொள்ளவும் வழி விட்டது. அதற்கு மத்திய, மாநில அரசுகளின் மானியமும் இருந்தது. தனித்தனியாகச் செலவு தாங்க முடியாத சிறிய தொழிற்சாலைகள் கூட்டாகச் சேர்ந்து பிழைத்தன. தண்டனையோடு வழியையும் காட்டியதால்தான் அந்த வட்டாரத்தில் தோல் தொழில் இன்றும் நடக்கிறது.

இனி மறுபக்கம். தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்று விவகாரத்தில் உத்தரவு போட வேண்டி வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் இன்னும் நஷ்ட ஈடு சேராதவர்களுக்கு அதைக் கொடுங்கள், அந்தப் பணத்தைக் கெடுத்தவர்களிடம் வசூல் செய்யுங்கள் என்றது. முப்பது வருடமாக வசூலாகாத பாக்கியை நம் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவோம்? சட்டம் நல்லதாக இருந்தாலும் நிறைவேற்றம் இல்லையென்றால் அது வராக் கடன்தான்.

நம் ஊர்த் தண்ணீர்க் கணக்கு

பாலாற்றுத் தீர்ப்பு நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை உண்டாக்கிய 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20 ஆவது பிரிவில் மேலே சொன்ன கொள்கைகளை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது அனைவரும் அறிந்ததே. படகுகளும் வலைகளும் கறுத்தன. வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கோடு விழுந்தது. யாரும் மனுப் போடும் வரை காத்திராமல் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாதம் 26 ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும் அப்படியே செய்தது. முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியாது. இன்று சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் பாலாற்று வழக்கின் பலன்களில் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

மீனவர் வீட்டில் வருமானம் நின்றால் இரண்டாம் வாரமே நம் கடன் நோட்டில் தெரிந்துவிடும். சில்லறைக் கடைக்காரர் மொத்தக் கடைக்குத் தர வேண்டிய பாக்கியும் அதோடு தள்ளிப் போகும். ஆற்றில் விழுந்த கேடு கல்லாப்பெட்டி வரை வருவது இப்படித்தான்.

கேடு நடந்த பிறகு பேசுவது ஒரு விதம். முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்வது இன்னொரு விதம். அதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரை மணலி ஆலைகளுக்காகவும் நகரத்துக்காகவும் பல ஆண்டுகள் இறைத்தார்கள். இறைக்க இறைக்க நல்ல நீர் இறங்கி, அந்த இடத்தில் கடல் நீர் உள்ளே புகுந்தது. பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கிணறுகள் உப்பாகின. 1987 இல் சென்னை மாநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சென்னையிலும் சுற்றுக் கிராமங்களிலும் கிணறு வெட்டவும், தண்ணீரை எடுத்து வண்டியில் கொண்டுபோய் விற்கவும் அனுமதி தேவை என்று அது சொன்னது.

சட்டம் "எடுக்காதே" என்றது. ஆலைக்குத் தண்ணீர் வேண்டுமே, அதற்கு வழி? நகரத்தின் சாக்கடை நீர்தான் அந்த வழி. 1990களின் தொடக்கத்தில் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், குடிநீர் வாரியம் ஓரளவு சுத்தம் செய்த கழிவு நீரை விலைக்கு வாங்கி, தங்கள் செலவில் மேலும் சுத்தம் செய்து உபயோகிக்கத் தொடங்கின. 2019 இல் கொடுங்கையூரில் வாரியமே பெரிய நிலையம் ஒன்றைத் திறந்தது. நாள் ஒன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவு நீரை ஆலைக்குத் தகுந்தபடி சுத்தம் செய்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்பும் திறன் அதற்கு உண்டு. அதே 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆலை குடிக்கும் ஒவ்வொரு லிட்டர் கழிவு நீருக்கும் ஒரு லிட்டர் நல்ல நீர் மக்களுக்கு மிஞ்சுகிறது.

இந்த ஏற்பாட்டை நம் தராசில் வையுங்கள். செலவை உபயோகிப்பவர் ஏற்கிறார். மாற்று கண்முன் இருக்கிறது. ஆலையும் மூடவில்லை. சட்டமும் திட்டமும் கைகோத்தால் இப்படி நடக்கும்.

கவர் தடை: கடைத்தெருவுக்கு வந்த சட்டம்

இப்போது நம் கல்லாவுக்கு எதிரிலேயே நிற்கும் சட்டத்துக்கு வருவோம்.

பிளாஸ்டிக் கவருக்கு மத்திய அரசின் விதிகள் 1999 இல் தொடங்கின. அப்போது 20 மைக்ரானுக்கு மெல்லிய பை கூடாது என்றார்கள். 2011 இல் அது 40 ஆனது, 2016 இல் 50, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. வியாபாரியிடம் மைக்ரான் அளக்கும் கருவி கிடையாது. கவர் விற்பவர் சொல்வதே கணக்கு.

2016 விதியில் இன்னொன்றும் இருந்தது. பிளாஸ்டிக் பை கொடுக்கும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து மாதம் 4,000 ரூபாய், அதாவது வருடத்துக்குக் குறைந்தது 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்கும் அதே கட்டணம், பெரிய கடைக்கும் அதே கட்டணம். அது நடைமுறைக்கு ஒத்து வரவில்லை. 2018 மார்ச்சில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். தாங்க முடியாத பாரத்தை வைத்தால் சட்டம்தான் முதலில் உட்கார்ந்துவிடும்.

தமிழக அரசு வேறு வழியில் போனது. 2018 ஜூன் 5 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை வந்தது. கைப்பை, டீ கப், உறிஞ்சு குழல், தண்ணீர் பாக்கெட், தெர்மாக்கோல் தட்டு, மேசை விரிப்பு, நெய்யாத துணிப் பை என்று பட்டியல். இங்கே ஒன்றைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்கு எந்த மைக்ரானும் விலக்கு அல்ல. "இது 120 மைக்ரான், செல்லும்" என்று சொல்லி வெளி மாநிலச் சரக்கைத் தலையில் கட்ட வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மத்திய விதிக்குச் செல்லும் அந்தப் பை, மாநிலத் தடையில் செல்லாது. பிடிபட்டால் அபராதம் விற்றவருக்கு மட்டும் அல்ல, வாங்கி வைத்தவருக்கும்தான்.

அபராதத்தை 2019 ஜூனில் தரம் பிரித்து அறிவித்தார்கள். தெரு வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய். மளிகைக் கடைக்கு முதல் முறை 1,000, அடுத்து 2,000, மூன்றாம் முறை 5,000. பெரிய வணிக வளாகங்களுக்கு 10,000 முதல் 25,000 வரை. இருப்பு வைத்து விநியோகம் செய்பவருக்கு 25,000 தொடங்கி 1 லட்சம் வரை. வசதிக்கு ஏற்ப அபராதம் என்ற இந்த முறை நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்ற பழைய 4,000 ரூபாய் விதியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் தொடக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஆலையிலேயே சீல் செய்து வரும் உறைகளுக்குத் தடை இல்லை என்று முதல் அரசாணையில் விலக்கு கொடுத்திருந்தார்கள். அந்த நாளில் என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது: "அண்ணாச்சி, கம்பெனிக்காரன் அம்பது கிராம் சிப்ஸைப் பளபளன்னு பாக்கெட்ல போட்டா அது சரக்கு. நான் கால் கிலோ துவரம்பருப்பைக் கவர்ல போட்டா அது குற்றமா?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 2020 ஜூனில் அரசு அந்த விலக்கை ரத்து செய்து ஆணையிட்டது. ஆனாலும் பெரிய கம்பெனிகளின் பல அடுக்கு உறைகள் நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்குவதை எல்லோரும் பார்க்கிறோம். சோதனைக்கு வருபவர் கண்ணில் அது படுவதில்லை, மேசைக்கு அடியில் இருக்கும் கவர் மட்டும் படுகிறது.

இதற்காகத் தடையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 2015 இலும் 2021 இலும் மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்று நீர் புதுநகருக்குள் புகுந்தபோது, வடிய வேண்டிய கால்வாய் வாயில் என்ன அடைத்துக் கிடந்தது என்று வாரி வெளியே போட்டவர்களுக்குத் தெரியும். உலகிலேயே முதன்முதலாக 2002 இல் பாலித்தீன் பையைத் தடை செய்த நாடு வங்கதேசம். 1988, 1998 வெள்ளங்களில் பைகள் அடைத்து நகரத்துத் தண்ணீர் வடியாமல் நின்றதுதான் அதற்குக் காரணம். அதே 2002 இல் அயர்லாந்து நாடு தடை போடவில்லை, பைக்கு 15 சென்ட் வரி வைத்தது. இலவசமாக வாங்கிய பைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றதும் உபயோகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. வாடிக்கையாளர் மனதை அறிந்த எந்த வியாபாரியும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்.

நம் தடையில் குறைந்தது மாற்று. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஏழு மாத அவகாசம் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் மலிவான துணிப் பையும் காகிதப் பையும் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 2022 இல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. நல்ல முயற்சிதான், ஆனால் முதலில் வந்திருக்க வேண்டியது மூன்று ஆண்டு தாமதமாக வந்தது.

மாற்றுக்குச் சந்தை உண்டாக்கும் கலை நம் அரசுகளுக்குத் தெரியாதது அல்ல. 1987 இல் மத்திய அரசு கொண்டு வந்த சணல் பைச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். உணவு தானியத்தையும், சர்க்கரையில் ஒரு பகுதியையும் சணல் கோணியில்தான் கட்ட வேண்டும் என்று விதித்து, சணல் விவசாயிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் நிரந்தர ஆர்டர் கிடைக்கச் செய்தது. அது போலக் கைத்தறி, விசைத்தறி, மகளிர் சுய உதவிக் குழுக்களின் துணிப் பைக்கும் ஒரு வழி செய்யலாமே.

சட்டத்தோடு சட்டம் மோதினால்

எண்ணெய் வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். முன்பு வாடிக்கையாளர் தூக்குவாளி கொண்டு வருவார், நாம் படியில் அளந்து ஊற்றுவோம். 1998 இல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, நீர்க்கோவை நோய் பரவி 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பின் மத்திய அரசு சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்தே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பின்னர் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் சில்லறையாக எண்ணெய் விற்கத் தடை தொடர்கிறது. பொது நலன் கருதி மாநில அரசு விலக்கு அளிக்க மட்டும் இடம் உண்டு.

உயிர் காக்க வந்த உத்தரவு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவாக ஒரு லிட்டருக்கும், அரை லிட்டருக்கும், 100 மில்லிக்கும் தனித்தனி பிளாஸ்டிக் உறை வந்தது. ஒரு துறை "உறையில் போடு" என்கிறது, இன்னொரு துறை "உறையைக் குறை" என்கிறது. பொட்டலம் கட்டுவதிலும் இதே கதைதான். பிளாஸ்டிக் வேண்டாம் என்று பழைய செய்தித்தாளுக்குப் போனால், அச்சு மை உடலுக்குக் கெடுதல் என்று உணவுப் பாதுகாப்புத் துறை தடுக்கிறது. அதுவும் சரிதான். அச்சடிக்காத சுத்தமான காகிதம்தான் இரண்டு சட்டத்துக்கும் பொருந்தும், அது விலை கூடுதல். துறைகள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசியிருந்தால், சீல் வைத்த பெரிய டின்னிலிருந்து குழாய் வழியே சுத்தமாக ஊற்றித் தரும் முறைக்கு என்ன நிபந்தனை என்று வகுத்திருக்கலாம். சிறு வியாபாரி இரண்டு அதிகாரிகளுக்கு நடுவில் நின்று விழிக்க வேண்டியிருக்காது.

காலிப் பாட்டில் திரும்பி வந்த கதை

மூன்று கேள்விக்கும் நல்ல விடை சொன்ன திட்டம் ஒன்றும் நம் மாநிலத்தில் உண்டு. நீலகிரியில் மதுப் பாட்டில்களை வீசி எறிவதால் யானை முதலிய விலங்குகளின் காலில் கண்ணாடி குத்துகிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் பரவியது.

சரக்கைப் பற்றி நமக்குப் பேச்சில்லை, முறையைப் பாருங்கள். சோடா, கலர் விற்ற காலத்தில் நாம் எல்லோரும் செய்ததுதானே இது? காலிப் பாட்டில் தந்தால் சோடா, இல்லையென்றால் டெபாசிட். யாரும் சோதனைக்கு வரவில்லை, யாருக்கும் அபராதம் இல்லை, ஒரு பாட்டிலும் தெருவில் கிடக்கவில்லை. அதைச் சட்டத்தின் பலத்தோடு மறுபடியும் செய்திருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

2016 விதிகளிலும், 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலும் உற்பத்தியாளர் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. உறையில் அடைத்துச் சந்தைக்கு அனுப்பும் கம்பெனி, அந்தக் கழிவைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் கணக்கைக் காட்ட வேண்டும். காகிதத்தில் கணக்கு நடக்கிறது. நம் தெருவில் காலி உறையை வாங்க எந்தக் கம்பெனி வண்டியும் வருவதில்லை. அந்த உறைகள் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தான் போகின்றன. ஆகவே நம் சங்கம் கீழ்க்கண்டவற்றை அரசுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1. சரக்கு இறக்க வரும் கம்பெனி வண்டியே, திரும்பும்போது கடையில் சேர்ந்த காலி உறைகளை எடுத்துச் செல்ல வேண்டும். அதற்கு டெபாசிட் முறையை மாநில அரசு வகுக்க வேண்டும்.

2. கவர் சோதனை கடையோடு நிற்காமல், தயாரிக்கும் இடத்திலும் மாநில எல்லையில் சரக்கு நுழையும் இடத்திலும் நடக்க வேண்டும்.

3. வசூலாகும் அபராதத் தொகை அந்தந்த மண்டலத்திலேயே துணிப் பை, காகிதப் பை விலையைக் குறைக்கச் செலவிடப்பட வேண்டும்.

4. உணவுப் பாதுகாப்புத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, எதை எதில் கட்டிக் கொடுக்கலாம் என்று ஒரே பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும்.

5. மணலி, எண்ணூர் ஆலைகளிடம் சுற்றுச்சூழல் இழப்பீடாக வசூலாகும் பணம் இந்தப் பகுதியின் கால்வாய், ஆறு, மருத்துவ வசதி ஆகியவற்றுக்கே வர வேண்டும். பாலாற்றுக்காரர்களைப் போல நாமும் முப்பது வருடம் காத்திருக்க முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பதற்கு முன் நம் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். கடைசி வரிசைக் கடை வரைக்கும் தடை செய்த கவரை நிறுத்துவது முதல் வேலை. "பக்கத்துக் கடையில் கொடுக்கிறான், நான் கொடுக்காவிட்டால் வாடிக்கை போய்விடும்" என்பதுதான் நம் எல்லோருடைய பயமும். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அது உண்மை. தெருவே ஒரே நாளில் நிறுத்தினால் வாடிக்கையாளர் எங்கே போவார்? அதைச் செய்யத்தானே சங்கம் இருக்கிறது.

பை கொண்டு வருபவருக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கழித்துக் கொடுக்கலாம். துணிப் பையைச் சங்கமே மொத்தமாகத் தைத்து வாங்கினால் அடக்க விலை இறங்கும். பெயர் அச்சடித்த பை விளம்பரமும் ஆகும். மொத்தக் கடைகள் 25 கிலோ, 50 கிலோ சாக்குகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் புதுப்பிக்கலாம். என் கடையில் காலிச் சாக்கும் காலி டின்னும் திரும்ப எடுத்து, அடுத்த பில்லில் கழித்து வருகிறேன். இடம் அடைக்கும் என்பதைத் தவிர வேறு கஷ்டம் இல்லை.

பாலாற்றில் பெரியவர் சிறியவர் எல்லோரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கூட்டாகச் சேர்ந்ததால்தான் சிறியவர் பிழைத்தார். நமக்கும் அதே வழிதான். தனியாக நிற்கும் கடைக்காரனுக்குச் சட்டம் அபராதச் சீட்டு. சேர்ந்து நிற்கும் கடைத்தெருவுக்கு அதே சட்டம் கம்பெனியிடமும் ஆலையிடமும் காட்டிப் பேசக் கூடிய ஆவணம். வரும் செயற்குழுவில் மேலே சொன்ன ஐந்து கோரிக்கைகளையும், கவரை ஒரே நாளில் நிறுத்தும் தேதியையும் சேர்த்தே விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்பர்கள் தங்கள் தெருவில் எத்தனை கடைகள் சம்மதிக்கின்றன என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.